வெங்காயம் முளைக்காமல் இருக்க



உங்கள் வீட்டு வெங்காயக் கூடையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். மழைக்காலமாக இருந்தால், அடியில் ஒன்றிரண்டு வெங்காயம் பச்சைத் தாள் விட்டிருக்கும். கையில் எடுத்தால் லேசாக இருக்கும். அமுக்கினால் மெத்தென்று இருக்கும். நறுக்கினால் நடுவில் குருத்து தெரியும். சுற்றியிருந்த சதை வற்றிப் போயிருக்கும்.

இதைத் தின்றால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. குழம்பில் போட்டுவிடலாம். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கிய சதையைக் குருத்து தின்றுவிட்டது. வீட்டில் இரண்டு வெங்காயம் இப்படிப் போனால் பெரிதில்லை. நாற்பது குவிண்டால் சேர்த்து வைத்திருக்கும் விவசாயிக்கு? அவருக்கு அது ஒரு வருட உழைப்பு.

முளை விடாமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது. வெங்காயத்தின் மேல் ஒரு வகைக் கதிரைச் செலுத்துகிறார்கள். இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான்.

வெங்காயம் ஏன் முளைக்கிறது?

வெங்காயம் உயிருள்ள பொருள். பிடுங்கிய பிறகும் அது மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நாம் அதை உணவு என்று நினைக்கிறோம். வெங்காயச் செடிக்கு அது கட்டுச்சோறு மாதிரி. அடுத்த பருவத்தில் தண்டு விட, பூக்க, விதை வைக்க வேண்டிய உணவைச் செடி இதழ் இதழாகச் சேர்த்து வைத்திருக்கிறது. நடுவில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். அறுவடை ஆனதும் அந்த மொட்டு சில வாரம் தூங்கும். பிறகு விழித்துக்கொள்ளும். கட்டுச்சோற்றைத் தின்று வளரத் தொடங்கும். அதுதான் முளை.

கடும் வெயிலில் மொட்டு அவ்வளவாக வளராது. பனிக்கட்டி போன்ற குளிரிலும் வளராது. நடுத்தரமான குளிர்ச்சிதான் அதற்குப் பிடிக்கும். அதனால்தான் மே மாதம் சும்மா கிடந்த வெங்காயம், மழை தொடங்கி வெயில் தணிந்ததும் தாள் விடுகிறது.

நாசிக் வெங்காயம்

நம் நாட்டில் பெரிய வெங்காயம் அதிகமாக விளையும் மாநிலம் மகாராஷ்டிரா. அதிலும் நாசிக் மாவட்டம் பேர் பெற்றது. அங்கே நிபாட் தாலுகாவில் லாசல்காவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. வெங்காய வியாபாரம் செய்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. அந்தச் சந்தையில் விலை ஏறினால் நாடு முழுவதும் ஏறும். நான் எழுத்தறிவு வகுப்பு எடுப்பது மும்பையில். எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் விற்கும் வெங்காயமும் பெரும்பாலும் நாசிக் பக்கத்திலிருந்து வருவதுதான்.

அங்கே மழைக்காலத்தில் பயிரிட்டு, ஐப்பசி கார்த்திகை வாக்கில் எடுக்கும் சிவப்பு வெங்காயம் ஒன்று உண்டு. அது அதிக நாள் தாங்காது. வந்ததும் விற்றுவிட வேண்டும். இன்னொன்று கோடை வெங்காயம். மராத்தியில் ‘உன்ஹாள் காந்தா’ என்பார்கள். குளிர்காலத்தில் நட்டு, பங்குனி முதல் வைகாசி வரை எடுப்பார்கள். இதன் தோல் கெட்டியாக இருக்கும். சேர்த்து வைக்க ஏற்றது இதுதான். புது வெங்காயம் வரும் வரை, அதாவது ஐப்பசி வரை, நாடு முழுவதும் சாப்பிடுவது இந்தச் சேமிப்பைத்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடையில் எல்லோரும் ஒரே நேரத்தில் அறுவடை செய்கிறார்கள். சந்தையில் வெங்காயம் குவிகிறது. விலை விழுகிறது. கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்று சிலர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஐப்பசியில் விலை ஏறுகிறது. அப்போது விவசாயி கையில் சரக்கு இல்லை, அல்லது பாதி கெட்டுவிட்டது. 1998-இல் வெங்காய விலை ஏறியபோது டில்லித் தேர்தலில் அதுவே பெரிய பேச்சாக இருந்தது. வாங்குகிறவருக்கும் அழுகை, விற்கிறவருக்கும் அழுகை. வெங்காயம் நறுக்காமலே.

சேர்த்து வைக்க நாசிக் விவசாயிகள் பட்டறை போடுகிறார்கள். அதற்கு ‘காந்தா சாள்’ என்று பெயர். தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் மூங்கில் அல்லது மரச் சட்டம் அடித்து, மேலே கூரை போட்ட நீளமான கொட்டகை. நான்கு பக்கமும் காற்று வரும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் வெங்காயம் மூன்று வழியில் குறைகிறது. தண்ணீர் வற்றி எடை குறைகிறது. அழுகிப் போகிறது. முளைத்துப் போகிறது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதிர் இதில் எதைத் தடுக்கும் என்று பிறகு பார்ப்போம்.

லாசல்காவ் நிலையம்

2002-இல் லாசல்காவில் ஒரு கதிர்வீச்சு நிலையம் தொடங்கப்பட்டது. அதற்குக் ‘க்ருஷக்’ என்று பெயர். விவசாயி என்று பொருள். மும்பையில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் அதை அமைத்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாப் பொருள்களைக் கதிரால் பதப்படுத்தி விற்கலாம் என்று 1994-இலேயே அரசு அனுமதி கொடுத்திருந்தது.

இத்தகைய நிலையத்தில் என்ன நடக்கிறது? கோபால்ட் என்பது ஓர் உலோகம். அதை அணு உலைக்குள் வைத்து எடுத்தால் அது கோபால்ட்-60 ஆக மாறுகிறது. அதிலிருந்து ஓயாமல் ஒரு கதிர் வீசும். அதன் பெயர் காமாக் கதிர். கண்ணுக்குத் தெரியாது. சூடு தெரியாது. வாசனை கிடையாது. சுவரையும் துளைத்துக்கொண்டு போகும் சக்தி உண்டு. அதனால் மிகத் தடிமனான கான்கிரீட் சுவர் எழுப்பிய அறைக்குள் அதை வைக்கிறார்கள். கோபால்ட் கம்பிகளை எஃகுக் குழாய்க்குள் போட்டு மூடி வைத்திருப்பார்கள். வேலை இல்லாத நேரத்தில் கம்பிகளை அதற்கென்று உள்ள காப்பிடத்துக்குள் இறக்கிவிடுவார்கள். பல நிலையங்களில் அது ஆழமான தண்ணீர்த் தொட்டி.

வெங்காயத்தைப் பெட்டியில் போட்டு ஓடும் தடத்தில் வைக்கிறார்கள். பெட்டி அறைக்குள் போகிறது. கோபால்ட்டைச் சுற்றி வருகிறது. வெளியே வருகிறது. அவ்வளவுதான். மருந்து தெளிப்பதில்லை. வேக வைப்பதில்லை. கோபால்ட் வெங்காயத்தைத் தொடுவதே இல்லை.

உள்ளே போய் வந்த வெங்காயம் ஏன் முளைப்பதில்லை? எந்த உயிரும் உயிரணுக்களால் ஆனது. ஓர் அணு இரண்டாகும். இரண்டு நான்காகும். வளர்ச்சி என்பது இதுதான். வெங்காயத்தில் இப்படிப் பெருகுவதற்குக் காத்திருப்பது நடுவில் உள்ள மொட்டு. கதிர் பட்டதும் அந்த மொட்டின் அணுக்கள் இரண்டாகப் பிரியும் திறனை இழந்துவிடுகின்றன. சதையில் உள்ள அணுக்கள் பிரியும் வேலையை முன்பே முடித்துவிட்டன. அதனால் சதைக்குப் பெரிய மாற்றம் இல்லை. காரம் அப்படியே இருக்கும். நறுக்கினால் கண்ணில் தண்ணீரும் வரும்.

“பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?”

எங்கள் வகுப்பில் ஓர் அக்கா தள்ளுவண்டியில் வெங்காயம் விற்கிறார். இந்தப் பாடத்தைச் சொன்னதும் அவர் கேட்டார்:

“ஏன் டீச்சர், ஆஸ்பத்திரியில புற்றுநோய்க்கு கரண்ட் வைக்கிறாங்களே, அது மாதிரியா இது?”

“ஆமா அக்கா. பல ஆஸ்பத்திரியில கோபால்ட் மிஷின்தான் வச்சிருந்தாங்க. அதே கதிர்தான்.”

“அப்போ அந்த வெங்காயத்தைப் பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா? நான் வித்தா எனக்குப் பாவம் வராதா?”

சரியான கேள்வி. அணு என்றதும் நமக்கு 1945-இல் ஜப்பானில் விழுந்த குண்டு நினைவுக்கு வருகிறது. பயம் வருவது இயல்பு. அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. நான் அந்த அக்காவிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

கை முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எக்ஸ்ரேயும் ஒரு கதிர். அது கை வழியாகப் போகிறது. எடுத்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகு நம் கையிலிருந்து கதிர் வீசுகிறதா? இல்லை. விளக்கை அணைத்துவிட்டால் அறையில் வெளிச்சம் தங்குவதில்லை. வெங்காயமும் அப்படித்தான். காமாக் கதிர் அதன் வழியாகப் போய்விடுகிறது. உள்ளே தங்குவதில்லை. கோபால்ட்டின் கதிருக்கு வெங்காயத்தையே கதிர் வீசும் பொருளாக மாற்றும் அளவு சக்தி கிடையாது.

அளவும் முக்கியம். துணியை மீட்டரில் அளக்கிறோம். எண்ணெயை லிட்டரில் அளக்கிறோம். பொருளில் இறங்கும் கதிரைக் ‘கிரே’ என்ற அளவில் அளக்கிறார்கள். 1980-இல் உலக சுகாதார நிறுவனமும், ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும், பன்னாட்டு அணுசக்தி முகமையும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு இதை ஆராய்ந்தது. சராசரியாக 10,000 கிரே வரை கதிர் பட்ட உணவைச் சாப்பிடுவதால் ஆபத்து இல்லை என்று முடிவு சொன்னது. வெங்காயம் முளைக்காமல் இருக்க 60 முதல் 90 கிரே போதும். 10,000 எங்கே, 90 எங்கே? நூறில் ஒரு பங்குகூட இல்லை.

கவனமாக இருக்க வேண்டியது சாப்பிடுகிறவர் அல்ல, நிலையத்தில் வேலை செய்கிறவர். கோபால்ட் வெளியே இருக்கும்போது மனிதர் அந்த அறைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கதவு திறந்தால் இயந்திரம் வேலை செய்யாதபடி பூட்டு அமைக்கிறார்கள். இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்களை மட்டுமே வைக்க வேண்டும்.

கதிர் செய்யாத வேலை

இப்போது அந்த மூன்று வழிகளுக்கு வருவோம். கதிர் முளையை மட்டும்தான் தடுக்கும். தண்ணீர் வற்றுவதைத் தடுக்காது. அழுகலையும் தடுக்காது. இதைப் பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். கதிர் காட்டிவிட்டால் வெங்காயம் எப்படிப் போட்டாலும் கெடாது என்று நம்பி ஏமாந்து போகக் கூடாது.

அழுகலுக்குக் காரணம் பூஞ்சையும் கிருமியும். அவற்றைக் கொல்ல நிறையக் கதிர் வேண்டும். மும்பைக்குப் பக்கத்தில் வாஷியில் 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு நிலையம் மிளகாய்த் தூள், மஞ்சள் தூள் போன்றவற்றில் கிருமியை ஒழிக்கக் கதிர் காட்டுகிறது. அதற்கு வெங்காயத்தைப் போல நூறு மடங்கு கதிர் தேவைப்படும். தூள் உலர்ந்த பொருள், தாங்கும். அவ்வளவு கதிரை வெங்காயம் தாங்காது. அதுவே நைந்து அழுகிவிடும்.

ஆகவே பழைய வேலைகள் எதையும் விட முடியாது. பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடு சில நாள் வயலிலேயே போட்டு உலர்த்த வேண்டும். ஒன்றின் தாள் மற்றதன் காயை மூடும்படி வரிசையாக அடுக்கினால் வெயில் காயைச் சுடாது. பிறகு கழுத்தில் ஒரு விரல் நீளம் விட்டுத் தாளை அறுக்க வேண்டும். ஒட்ட அறுத்தால் அந்த வழியாகக் கிருமி உள்ளே போகும். அப்புறம் நிழலில் பத்துப் பன்னிரண்டு நாள் ஆறப் போட வேண்டும். கழுத்து ஒட்டி, மேல் தோல் சருகு போல் சலசலக்க வேண்டும். அடிபட்டது, இரட்டைக் காய், கழுத்து தடித்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே விற்றுவிட வேண்டும். இவ்வளவும் செய்த வெங்காயத்துக்குக் கதிர் காட்டினால் பலன் உண்டு. செய்யாத வெங்காயத்துக்குக் கதிர் காட்டுவது வீண் செலவு.

நேரமும் தவறக் கூடாது. மொட்டு தூங்கும்போதே, அறுவடை ஆன இரண்டு மூன்று வாரத்துக்குள் கதிர் காட்ட வேண்டும். மொட்டு விழித்து வளரத் தொடங்கிய பிறகு காட்டினால், அந்தக் குருத்து உள்ளேயே செத்துக் கறுத்துப் போகும். நறுக்கினால் நடுவில் கரும்பழுப்புப் புள்ளி தெரியும். தின்றால் கெடுதல் இல்லை. ஆனால் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். விலை போகாது.

கதிர் காட்டிய வெங்காயத்தை விதைக்கு வைக்கவே கூடாது. வெங்காய விதை எடுக்க நல்ல காய்களைப் பொறுக்கி நடுவார்கள் அல்லவா? கதிர் பட்ட காயை நட்டால் மண்ணில் கிடந்து அழுகும். முளைக்காது. விதை உருளைக்கிழங்குக்கும் இதே கதிதான். விதைக்கு வேண்டியதை முதலிலேயே தனியே எடுத்து, வேறு சாக்கில் கட்டி, மேலே ‘விதை’ என்று எழுதி வையுங்கள். உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே.

லாபமா, நட்டமா?

விவசாயிக்கு இது கட்டுமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒருவர் 40 குவிண்டால், அதாவது 4,000 கிலோ வெங்காயம் சேர்த்து வைக்கிறார். ஐப்பசி வரைக்கும் எடை வற்றியும் அழுகியும் 800 கிலோ போகிறது. முளைத்து 400 கிலோ போகிறது. மீதி 2,800 கிலோ. கிலோ 15 ரூபாய்க்கு விற்றால் 42,000 ரூபாய்.

இப்போது கதிர் காட்டினார் என்று வைத்துக்கொள்வோம். வண்டி வாடகை, ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, நிலையக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 1 ரூபாய். மொத்தம் 4,000 ரூபாய் செலவு. முளைத்துப் போகும் 400 கிலோ மிஞ்சுகிறது. 800 கிலோ எப்படியும் போகும். மீதி 3,200 கிலோ. 15 ரூபாய் வீதம் 48,000 ரூபாய். செலவு 4,000 போக 44,000 ரூபாய். ஆக, 2,000 ரூபாய் கூடுதல்.

விலை கிலோ 10 ரூபாயாக இருந்தால்? காப்பாற்றிய 400 கிலோவுக்கு 4,000 ரூபாய் வரும். செலவும் 4,000 ரூபாய். வந்ததும் போனதும் சரி. அதற்கும் கீழே விலை இறங்கினால் கைக்காசு போகும். நிலையம் தூரமாக இருந்தால் வாடகை ஏறும். அப்போதும் கட்டாது. என் எண்ணத்தில், தனி விவசாயி தன் நாலு மூட்டையை ஏற்றிக்கொண்டு போவதைவிட, பலர் கூட்டாகச் சேர்ந்து ஒரே லாரியில் கொண்டு போவதுதான் கட்டுப்படியாகும். பெரிய அளவில் வாங்கி வைக்கும் அரசுக்கும் கட்டுப்படியாகலாம். 2023-இல் மத்திய அரசு தன் வெங்காய இருப்பில் ஒரு சிறு பகுதிக்குச் சோதனையாகக் கதிர் காட்டிப் பார்த்தது.

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. 2007 முதல் அமெரிக்காவுக்குப் போகும் மாம்பழத்துக்கு லாசல்காவ் நிலையத்தில் கதிர் காட்டினார்கள். மாம்பழத்தில் பூச்சி இருந்தால் அந்த நாடு ஏற்காது, அதற்காக. மாம்பழமும் சித்திரை வைகாசியில்தான் வரும். கோடை வெங்காயமும் அப்போதுதான் வரும். மாம்பழம் விலை உயர்ந்த சரக்கு. ஒரே வாசலில் இரண்டும் வந்து நின்றால் யாருக்கு முதலில் கதவு திறக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்குக்கும் கதிர் காட்டலாம். இங்கே பலன் வேறு மாதிரி. உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்காளத்திலும் கிழங்கைக் குளிர்பதனக் கிடங்கில் மிகுந்த குளிரில் வைக்கிறார்கள். முளைக்காது. ஆனால் அந்தக் குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறிவிடும். பொரியல் இனிக்கும். வறுவல் போட்டால் கறுத்துப் போகும். கதிர் காட்டிய கிழங்கை அவ்வளவு குளிரில் வைக்க வேண்டாம். 15 டிகிரி போதும். மின்சாரச் செலவு குறையும், இனிப்பும் ஏறாது.

ஒரு எச்சரிக்கை. முளைத்த வெங்காயம் தின்னலாம் என்றேன். முளைத்த உருளைக்கிழங்கு அப்படி அல்ல. முளையிலும் பச்சை நிறமான தோலிலும் நஞ்சு உண்டு. வேகவைத்தாலும் அது போகாது. நிறைய முளைத்து, பச்சை பிடித்துச் சுருங்கிய கிழங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கிழங்கை வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

கடையில் எப்படித் தெரிந்துகொள்வது?

கதிர் காட்டிய உணவைப் பையில் அடைத்து விற்றால் மேலே அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பச்சை நிறத்தில் ஒரு வட்டம் இருக்கும். வட்டத்தின் மேல் பாதி விட்டு விட்டு இருக்கும். உள்ளே ஒரு புள்ளியும், அதன் கீழே இரண்டு இலையும் இருக்கும். பக்கத்தில் கதிரால் பதப்படுத்தியது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பதப்படுத்திய தேதியும் இருக்கும். தள்ளுவண்டியில் கொட்டி விற்கும் வெங்காயத்தில் இந்த முத்திரையைப் பார்க்க முடியாது. மசாலாப் பொட்டலங்களில் தேடிப் பாருங்கள்.

பயிற்சி

1. மேலே உள்ள கணக்கில் வெங்காய விலை கிலோ 9 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர் காட்டாதவருக்கு எவ்வளவு கிடைக்கும்? கதிர் காட்டியவருக்குச் செலவு போக எவ்வளவு கிடைக்கும்? யாருக்கு எத்தனை ரூபாய் குறைவு?

2. உங்கள் வீட்டு வெங்காயத்தில் 5 கிலோவை எடை போட்டு ஒரு சாக்கில் தனியே வையுங்கள். இரண்டு மாதம் கழித்து முளைத்தது எவ்வளவு, அழுகியது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று நிறுத்து நோட்டில் எழுதுங்கள். வகுப்பில் மற்றவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. இந்தச் சொற்களைச் சேர்த்து ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள்: குருத்து, பட்டறை, கதிர், விதை, குவிண்டால்.